குட்டிநாய் கண்ட இடத்தில் போகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பினாங்கில் ஜெலுத்தோங், கெலுகோர் பக்கம் கடைகளுக்குப் பின்னால் கிடக்கும் குட்டிகளைத் தூக்கி வந்து, வளர்த்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது எங்கள் வீட்டில் பல வருஷமாக நடக்கும் வேலை. கொடுத்த மறுவாரமே போன் வரும். "அண்ணே, எல்லா இடத்திலயும் போகுது", "அண்ணே, மூத்திரம் உறிஞ்ச விரிச்சு வச்ச பேட்டைத் தவிர எல்லாத்து மேலயும் போகுது", "அண்ணே, சொல்லவே கூச்சமா இருக்கு, அதையே திங்குது." கேள்விகள் பத்துக்குள் அடங்கிவிடும். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் குட்டி எதைச் செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், கிளினிக் பில் வரும் காரணம் கடைசியில். மலத்தில் இரத்தமோ, கூடவே வாந்தியோ, சோர்வோ இருந்தால் மற்றதைப் படிக்காமல் கடைசித் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்ப்பதும் பேப்பரைச் சுருட்டி அடிப்பதும் நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. தாத்தா காலத்திலிருந்து வரும் வைத்தியம், பலன் கிடையாது. அடி வாங்கிய குட்டி தெரிந்துகொள்வது ஒன்றே ஒன்று: இந்த ஆள் பார்க்கும்போது போகக்கூடாது. அப்புறம் சோபாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று ஒளிந்து போகும். வெளியே கூட்டிப் போனாலும் உங்கள் முன்னால் போகப் பயப்படும். கீழே உள்ள பாதிப் பிரச்சனைகள் இந்தத் தண்டனையில் பிறந்தவைதான்.

## வீடு முழுக்க, கண்ட இடத்தில் ஒன்றுக்குப் போகிறது

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தோராயக் கணக்கு இது: குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மணி நேரம் அடக்கும் என்று தெரியும். இரண்டு மாதக் குட்டி என்றால் அதிகபட்சம் மூன்று மணி நேரம். அதுவும் சும்மா படுத்துக் கிடக்கும்போது. ஓடி ஆடும் நேரத்தில் அரை மணிக்கு ஒரு தடவை வரும்.

தூங்கி எழுந்த உடனே, தின்று முடித்த 5 முதல் 30 நிமிடத்துக்குள், விளையாட்டின் நடுவில் சட்டென்று நின்று தரையை முகர்ந்து வட்டமடிக்கும்போது: இந்த மூன்று நேரத்திலும் போக வேண்டிய இடத்தில் கொண்டு விட்டாலே பெரும்பாலான குட்டிகள் சரியாகிவிடும். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நடக்கவிட்டால் ஹால் பாதி தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிடும். போய் முடித்ததும் அந்த இடத்திலேயே ஒரு துண்டு பிஸ்கட். உள்ளே வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்ததாகத்தான் அது நினைக்கும்.

நேரம் பிடிபடவில்லை என்றால் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒரு தாளை ஒட்டி, பேனாவையும் கட்டித் தொங்கவிடுங்கள். வீட்டில் யார் பார்த்தாலும் எத்தனை மணிக்குப் போனது, எங்கே போனது என்று எழுத வேண்டும். மூன்று நான்கு நாளில் அந்தத் தாளே உங்களுக்குப் பதில் சொல்லும்.

அடுத்த காரணம், அதிக இடம். நான் பார்த்தவரை இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. பாவம் குட்டி என்று முதல் நாளே ஹால், அடுக்களை, மேல்மாடி எல்லாவற்றையும் திறந்துவிடுகிறோம். தூங்கும் இடத்தையும் தின்னும் இடத்தையும் அசுத்தமாக்கக் கூடாது என்ற புத்தி குட்டிக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் மேல்மாடி மூலை அறை தன் வீடு என்று அதற்கு எப்படித் தெரியும்? வேலி போட்டு அடுக்களையில் ஒரு பகுதியை மட்டும் கொடுங்கள். இரண்டு வாரம் ஒரு விபத்தும் இல்லாமல் போனால் ஹாலைத் திறக்கலாம். திறந்து மறுபடி தப்பு நடந்தால் கோபப்படாமல் ஒரு படி பின்னால் போங்கள்.

சாப்பாட்டுத் தட்டு நாள் முழுக்க நிறைந்தே இருந்தால் மலமும் நாள் முழுக்க வரும். நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, குறித்த நேரத்தில் வையுங்கள். 20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அது ஆபத்து.

வீட்டில் ஆளே இல்லையென்றால்? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கணவன் மனைவி இருவருக்கும் 12 மணி நேர ஷிப்ட், குட்டிக்கு இரண்டு மாதம் என்றால், எந்தப் பயிற்சியும் வேலைக்கு ஆகாது. உடம்பால் முடியாத காரியம் அது. ஒரு பக்கம் படுக்கை, மறுபக்கம் பேப்பர் என்று வேலிக்குள் இரண்டாகப் பிரித்து வையுங்கள். மதியம் எட்டிப் பார்க்க ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். அதுவும் முடியாது என்றால் குட்டியை விட்டு, வளர்ந்த நாயாக எடுப்பதே நல்லது. ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்பிசிஏ என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்தில் வளர்ந்த நாய்களும் வீடு தேடிக் காத்திருக்கின்றன.

இத்தனையும் செய்தும், சொட்டுச் சொட்டாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போகிறது, முக்குகிறது, அந்த இடத்தையே நக்குகிறது, மூத்திரம் சிவப்பாக இருக்கிறது என்றால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். கிளினிக்குக்குப் போங்கள். முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே.

## திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போகிறது

வாசம்தான். உங்கள் மூக்குக்குப் போய்விட்டது, அதன் மூக்குக்குப் போகவில்லை.

நம் வீடுகளில் தரையைத் துடைக்க ஒரு முறை உண்டு: மோப்பைப் போட்டு இழுத்து, மேலே 'செராய் வாங்கி' என்று விற்கும் புல்தைல வாசத் திரவம் ஊற்றி, இன்னொரு தடவை இழுப்பது. வீடு எலுமிச்சைப்புல் வாசமடிக்கும். ஆனால் அந்த மோப், மூத்திரத்தை ஒரு ஓடு அகலத்திலிருந்து ஒன்பது ஓடு அகலத்துக்குப் பரப்பியிருக்கும். ஓடுகளுக்கு நடுவே உள்ள சிமெண்ட் கோடு அதைக் குடித்திருக்கும். உட்கார்ந்து, முட்டி போட்டு, மூக்கைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். ஓட்டில் ஒன்றும் இருக்காது, கோட்டில் இருக்கும்.

சரியான வரிசை இதுதான். மோப்பைத் தொடாதீர்கள். பழைய பேப்பரோ துணியோ வைத்து அழுத்தி உறிஞ்சி எடுங்கள். சாதாரணத் தண்ணீர் ஊற்றி மறுபடி உறிஞ்சுங்கள். பிறகு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரை, அதாவது மூத்திரக் கறையையே சிதைக்கும் திரவத்தை, கோட்டில் இறங்குமளவு ஊற்றி, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். அது மெதுவாகத்தான் வேலை செய்யும். தெளித்த கையோடு துடைத்தால் காசுதான் வீண். டெட்டால் மாதிரிக் கிருமிநாசினி போட்ட இடத்தில் உடனே இதை ஊற்றினாலும் வேலை செய்யாது. முதலில் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு ஊற்றுங்கள்.

எதை ஊற்றக் கூடாது என்பதும் முக்கியம். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் குட்டிக்கு மூத்திர வாசம் மாதிரியே இருக்கும். வா வா என்று கூப்பிடும். பிளீச் இன்னும் மோசம். மூத்திரத்தில் இருப்பதோடு சேர்ந்து கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயுவைக் கிளப்பும். கதவடைத்த பாத்ரூமில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். அவசரத்துக்கு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஓட்டில் பயன்படுத்தலாம். பழைய வீடுகளில் உள்ள மார்பிள், டெராசோ தரையில் வேண்டாம், மெருகு போய்விடும். பழத்தோல், கருப்பட்டிச் சீனி, தண்ணீர் போட்டு மூன்று மாதம் ஊறவைக்கும் ஈக்கோ என்சைமை பினாங்கில் பலர் வீட்டிலேயே செய்கிறார்கள். எனக்கும் போத்தல் போத்தலாகக் கொடுக்கிறார்கள். லோங்காங், அதாவது வீட்டு முன் சாக்கடை, கழுவ அருமை. மூத்திரக் கறைக்குக் கடையில் விற்பதுதான் மேல் என்பது என் அனுபவம்.

கறை எங்கே என்று தெரியவில்லையா? கடைக்காரர்கள் நோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு ஒன்று வாங்குங்கள். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத் தரையோரமாக அடியுங்கள். காய்ந்த மூத்திரம் மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும். சோபாக் கால், திரைச்சீலை அடி, சுவரின் கீழ்ப்பகுதி எல்லாம் பாருங்கள். பார்த்த பிறகு இரண்டு நாள் ஹாலில் உட்கார மனசு வராது, எச்சரித்துவிட்டேன்.

இரண்டாவது காரணம், மெத்தென்ற துணி. சாமி மேடைக்கு முன்னால் போகிறது, ஏதோ தோஷம் என்று ஓர் ஆண்டி மிகவும் கலங்கிப்போய்க் கூப்பிட்டார். அங்கே கிடந்தது ஒரு பஞ்சுக் கால்மிதி. குட்டி அதற்கு முன் இருந்த வீட்டில் பேட்டில் போய்ப் பழகியது. காலுக்கு மெத்தென்று பட்டால் அதற்கு அதுதான் கழிப்பறை. தோஷமெல்லாம் இல்லை. வீட்டில் உள்ள எல்லாக் கால்மிதியையும், தரையில் விரித்த தோத்தோ மெத்தையையும் ஒரு மாதத்துக்குச் சுருட்டி வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் போடலாம்.

கழுவியும் வாசம் போகாத இடத்தில் சாப்பாட்டுத் தட்டை வைப்பது இன்னொரு தந்திரம். தின்னும் இடத்தில் குட்டி பொதுவாகப் போகாது. சோபா மெத்தைக்குள்ளேயே இறங்கிவிட்டது என்றால் மெத்தை உறையை மட்டும் துவைத்துப் பயனில்லை. உள்ளிருக்கும் ஸ்பாஞ்சை மாற்ற வேண்டும், அல்லது அந்த சோபாவை மறந்துவிட வேண்டும்.

## வெளியே போனால் போகாது, உள்ளே வந்ததும் போகும்

மனிதருக்கு ஆத்திரம் வரவழைப்பதில் இதற்குத்தான் முதலிடம். அரை மணி நேரம் போர்ச்சில் கொசுக்கடியோடு நின்றுவிட்டு உள்ளே வந்தால், கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிம்மதியாகப் போகும்.

எளிய காரணம் வேடிக்கை பார்ப்பது. மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுப் பூனை, எல்லாமே அதற்குப் புதிது. கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, ஒரே இடத்தில் மரம் மாதிரி நில்லுங்கள். பேச வேண்டாம், விளையாட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் போகவில்லையா, உள்ளே கூட்டி வந்து கீழே விடாதீர்கள். மடியிலோ கூண்டிலோ பத்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி வெளியே. இந்த இடைவெளியில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

போனதும் உடனே உள்ளே இழுத்து வருவதும் ஒரு காரணம். போனால் வெளி உலகம் முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்ட குட்டி அடக்கி வைத்துக்கொள்ளும். போன பிறகு இரண்டு நிமிடமாவது விளையாடவிடுங்கள்.

பழகிய தரை வேறாக இருந்தாலும் இப்படி ஆகும். பேப்பரில் வளர்ந்த குட்டிக்குப் புல் குத்தும். அதன் மூத்திரம் பட்ட ஒரு பேப்பர்த் துண்டை வெளியே போட்டு, மேலே கல் வைத்து, நாளுக்கு நாள் சிறிதாக்குங்கள்.

அப்புறம் மழை. அக்டோபர், நவம்பரில் பினாங்கு மழைக்கு எந்தக் குட்டியும் வெளியே காலை வைக்காது. இடி இருந்தால் கேட்கவே வேண்டாம். போர்ச்சில் கூரைக்கு அடியில் ஒரு மூலையை நிரந்தர இடமாக ஆக்கிவிட்டால் வருஷம் முழுக்கக் கவலையில்லை. பிளாஸ்டிக் தட்டில் செயற்கைப் புல்லைப் போட்டு வைத்தாலும் சரிதான். தினமும் கழுவ வேண்டும்.

தடுப்பூசி முடியாத குட்டியை வெளியே என்று சொல்லும்போது உங்கள் வீட்டுக் கேட்டுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்சந்து, புல்வெளி, தெருநாய்கள் போகும் இடம் எதிலும் தரையில் விடாதீர்கள். குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரை எடுக்கும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். ஊசித் தொடர் 16 வாரம் வரை போகும். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு தெரு.

தெரு என்றதும் அக்கம்பக்கம். மலாய்க்காரர் வீட்டு வாசலில் குட்டி போய்விட்டால் அவர்களுக்கு அது வெறும் அசிங்கமாக முடிவதில்லை. அவர்கள் சமய முறைப்படி அந்த இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த நீரால். ஆகவே அவர்கள் கேட் பக்கமே கொண்டு போகாமல் எதிர்த்திசையில் நடங்கள். உங்கள் போர்ச்சைக் கழுவும்போதும் முதலில் மலத்தை அள்ளிக் கழிவறையில் போட்டுவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். பொது லோங்காங்கில் மிதந்து அடுத்த வீட்டு முன்னால் போய் நிற்கக் கூடாது. அடுக்குமாடியில் பால்கனித் தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் விழுந்தால் மறுநாளே நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும்.

## பேட்டைக் கிழிக்கிறது, அல்லது ஓரத்தில் போகிறது

கிழித்தால் சலிப்பு, கடிக்க வேறு ஏதாவது கொடுத்து, பேட்டைச் சட்டம் உள்ள தட்டில் மாட்டுங்கள். முன்னங்கால் மட்டும் பேட்டில் வைத்துப் பின்பக்கம் வெளியே போகிறது என்றால் பேட் சிறியது. இரண்டைச் சேர்த்துப் போடுங்கள், அல்லது மூலையில் வையுங்கள். நனைந்த பேட்டை மாற்றாமல் வைத்தால் சுத்தக்காரக் குட்டி பக்கத்தில்தான் போகும், அதில் அதன் குற்றம் எதுவும் இல்லை.

## கூண்டுக்குள்ளேயே போய், மிதித்து, பூசிக்கொள்கிறது

கூண்டு பெரிதா என்று பாருங்கள். வளர்ந்த பிறகும் ஆகும் என்று பெரிதாக வாங்கிவிடுகிறோம். குட்டி ஒரு மூலையில் போய்விட்டு மறுமூலையில் படுக்கும். நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க மட்டும் இடம் விட்டு, மிச்சத்தைப் பலகையால் மறையுங்கள்.

அடைத்து வைக்கும் நேரம் மேலே சொன்ன மணிக் கணக்கைத் தாண்டுகிறதா என்று அடுத்து பாருங்கள். தாண்டினால் கூண்டு எவ்வளவு சிறியதானாலும் உள்ளேதான் போகும். சில நாளில் அசிங்கத்தில் படுப்பது பழகியும்விடும்.

ஏற்கெனவே பழகிவிட்ட குட்டிகள்தான் கஷ்டம். கம்பிக் கூண்டில் விற்பனைக்கு அடைத்து வைத்து வளர்ந்தவை, பிறந்ததிலிருந்து அட்டைப்பெட்டியில் நெருக்கிக் கிடந்தவை, இவற்றுக்குச் சுத்த உணர்வே மழுங்கிப் போயிருக்கும். இவற்றைக் கூண்டில் போடாதீர்கள். பெரிய வேலிக்குள் தரை முழுக்கப் பேப்பர் விரித்து, படுக்கையிருக்கும் பக்கத்திலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். படுக்கைத் துணியைத் தினம் மாற்றுங்கள். ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

ஆளைவிட்டுப் பிரிந்தவுடனே கத்தி, எச்சில் வடித்து, கம்பியைக் கடித்து, பத்து நிமிடத்துக்குள் போய்விடுகிறது என்றால் அது பயம். கழிப்பறைப் பயிற்சியால் தீராது. டாக்டரிடம் பேசி, நல்ல பயிற்சியாளரைப் பிடியுங்கள். கத்துவதை ஒரு நிமிடம் கைப்பேசியில் பிடித்துக் காட்டினால் அவர்களுக்கு உதவும்.

## தன் மலத்தையே தின்கிறது

அருவருப்பாக இருக்கும், ஆனால் குட்டிகளில் சகஜம். தாய்நாய் முதல் சில வாரம் குட்டிகளின் மலத்தைத் தின்றுதான் படுக்கையைச் சுத்தமாக வைக்கிறது. பார்த்த குட்டியும் செய்து பார்க்கும்.

முதல் வேலை, கிடைக்கவிடாமல் செய்வது. போகும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். முடித்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மூக்குக்கு முன்னால் பிஸ்கட்டைக் காட்டி, ஓரடி தள்ளி வரவழைத்துக் கொடுங்கள். அது மெல்லும் நேரத்தில் நீங்கள் அள்ளிவிடுங்கள். சில நாள் போனால் குட்டி முடித்ததும் தானே திரும்பி உங்கள் கையைப் பார்க்கும். "ச்சீ, விடு" என்று கத்திக்கொண்டு ஓடாதீர்கள். நீங்கள் பிடுங்க வருகிறீர்கள் என்று தெரிந்தால் அவசர அவசரமாக விழுங்கப் பழகும்.

அதற்கு மேல் போனால் பசியா என்று பாருங்கள். பொட்டலத்தின் பின்னால் வயதுக்கும் எடைக்கும் எவ்வளவு என்று போட்டிருக்கும்; சமையல்கட்டுத் தராசில் நிறுத்துக் கொடுங்கள். சோறும் குழம்பும் மட்டும் கொடுத்து வளர்க்கும் வீடுகளில் குட்டிக்கு வேண்டிய புரதம் போய்ச் சேர்வதில்லை. வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பு நாய்க்கு நஞ்சு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கத் தனியாக அடைபட்ட குட்டி பொழுதுபோகாமலும் தின்னும். இன்னொன்று, முன்பு அடி வாங்கியது: ஆதாரத்தை மறைக்கவே தின்னும் குட்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

அன்னாசித் துண்டு போடு, மலத்தில் மிளகாய்த்தூள் தூவு, இந்த மாத்திரை வாங்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இதற்கென்று விற்கும் 11 பொருள்களைப் பயன்படுத்திய உரிமையாளர்களைக் கேட்டார்கள். பலன் கிடைத்தது 0 முதல் 2 விழுக்காடு. நாய்களில் சுமார் 16 விழுக்காடு அடிக்கடி தின்பவை என்றும், அவை மற்ற நாய்களைப் போலவே கழிப்பறைப் பழக்கத்தைக் கற்றுக்கொள்கின்றன என்றும் அதே ஆய்வு சொன்னது. தின்றதெல்லாம் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் போட்ட புது மலம். அள்ளுவதில் வேகம் காட்டுங்கள், மாத்திரைக் காசை மிச்சம் பிடியுங்கள்.

நன்றாகத் தின்றும் விலா எலும்பு தெரிகிறது, மலம் எண்ணெய்ப் பிசுக்காகக் குவியல் குவியலாக வருகிறது, அல்லது வயிறு மட்டும் பானையாக இருக்கிறது என்றால் புழு அல்லது செரிமானக் குறை. மலத்தைச் சோதிக்க டாக்டரிடம் கொடுங்கள். பூனைத் தொட்டியில் போய்த் தின்றால், அல்லது தெருவில் மற்ற நாய்களுடையதைத் தின்றால் புழு மருந்து தேதியைத் தவறவிடாதீர்கள்.

## ஆளைக் கண்டதும் சொட்டுச் சொட்டாக விடுகிறது

வேலை முடிந்து வரும் அப்பாவைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டே தரையெல்லாம் நனைக்கும். இது சந்தோஷம். இன்னொரு வகை, காதை ஒடுக்கி, உடம்பைத் தாழ்த்தி, சிலசமயம் மல்லாந்து படுத்து விடுவது. இது பயம் கலந்த பணிவு. "நான் சின்னவன், ஒன்றும் செய்யாதே" என்று நாய் பாஷையில் சொல்வது. திட்டினால் இன்னும் அதிகமாக விடும், ஏனென்றால் அது ஏற்கெனவே மன்னிப்புத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்குள் வந்ததும் ஐந்து நிமிடம் குட்டியைக் கண்டுகொள்ளாதீர்கள். பையை வையுங்கள், தண்ணீர் குடியுங்கள். அது அடங்கிய பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலே கையை நீட்டாமல், நெஞ்சுப் பக்கமாகத் தடவுங்கள். மாமா, சித்தப்பா எல்லாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். வந்ததும் குனிந்து கன்னத்தைக் கிள்ளுபவர்கள் அவர்கள்தான். வரவேற்பைப் போர்ச்சிலேயே வைத்துக்கொண்டால் துடைக்கும் வேலை மிச்சம். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகப் போய்விடும்.

பெண் குட்டி தூங்கும்போதுகூடப் படுக்கை ஈரமாகிறது, பின்கால் எப்போதும் நனைந்தே இருக்கிறது என்றால் இந்தத் தலைப்பில் சேராது. சிறுநீர்க்குழாய் பிறவியிலேயே தப்பான இடத்தில் இணைந்திருக்கலாம். ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க முடியும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் செலவு பெரிதுதான். ஆனால் பயிற்சி கொடுத்துத் தீர்க்கப் பார்த்து மாதக் கணக்கில் குட்டியைத் திட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

## இரவில் மட்டும்

கடைசிச் சாப்பாட்டைத் தூங்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் முடித்துவிடுங்கள். படுக்கும் முன் ஒரு தடவை வெளியே. மூன்று மாதம் வரை நடு இரவில் ஒரு தடவையாவது எழுந்துதான் ஆக வேண்டும். அலாரம் வைத்து, விளக்கைப் பெரிதாகப் போடாமல், பேசாமல் தூக்கிப் போய், பேசாமல் கொண்டு வந்து படுக்க வையுங்கள். கொஞ்சினால் அடுத்த நாள் அதே நேரத்துக்கு விளையாடக் கூப்பிடும். படுக்கையை உங்கள் அறையில் வைத்தால் அது முனகுவது காதில் விழும். ஏர்கோன் அறையில் தூங்கும் குட்டி இரவில் எத்தனையோ தடவை போய், குடம் குடமாகத் தண்ணீரும் குடிக்கிறது என்றால் மட்டும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

## நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று மறந்துவிட்டது

வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். ஊரிலிருந்து விருந்தாளி, புதுக் குழந்தை, வீடு மாறியது, தீபாவளி வெடி. பினாங்கில் சீனப் பெருநாளின் எட்டாம் நாள் நள்ளிரவில் தீ கோங் என்ற வான தெய்வத்தின் பூசைக்கு விடிய விடிய வெடிப்பார்கள். மறுநாள் காலை எனக்கு வரும் போன்களை வைத்தே எந்த நாள் என்று சொல்லிவிடலாம். பயத்தில் போனதற்குத் தண்டனை வேண்டாம்; ஒரு வாரம் பழைய சின்ன இடத்துக்குக் கொண்டுபோய், முதல் நாள் மாதிரியே தொடங்குங்கள், வேகமாகத் திரும்பிவிடும்.

ஆறு மாதத்தை ஒட்டிய ஆண் குட்டி காலைத் தூக்கி, நாற்காலிக் காலிலும் சுவரிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கிறது என்றால் எல்லை வகுக்கிறது. கருத்தடை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பலருக்குக் குறையும். அதற்குள் பழக்கமாகியிருந்தால் முழுக்க நிற்காமலும் போகலாம்.

எதுவும் மாறவில்லை, குட்டியும் சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் விபத்து நடக்கிறது என்றால் மூத்திரப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது.

## மலம் தளர்ந்து, அடக்க முடியாமல் போகிறது

வயிற்றுப்போக்கு இருக்கும்வரை பயிற்சி கிடையாது. அடக்க அதனால் முடியாது.

பால் கொடுத்தீர்களா? கட்டிப்பால் கரைத்து ஊற்றுவது நம் வீடுகளில் பெரிய வழக்கம். நிறுத்துங்கள், பல குட்டிகளுக்கு அதோடு சரியாகும். சாப்பாட்டு வகையை ஒரே நாளில் மாற்றினீர்களா? பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மெதுவாக மாற்ற வேண்டும். குட்டி துள்ளிக்கொண்டு, தின்றுகொண்டு இருந்தால் ஒரு நாள் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும், உப்பு மசாலா இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். பட்டினி போடாதீர்கள்.

மலத்தைக் குச்சியால் கிளறிப் பார்க்கத் தயங்காதீர்கள். மீஹூன் (அரிசிச் சேமியா) மாதிரி நீளமாக இருந்தால் உருண்டைப்புழு. அரிசி மாதிரித் துண்டு ஆசனவாயில் ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது, இரண்டுக்கும் சேர்த்து மருந்து வேண்டும். கறுப்பாக, தார் மாதிரி இருந்து ஈறும் வெளுத்திருந்தால் கொக்கிப்புழு. குட்டியின் இரத்தத்தைக் குடிக்கும், மண்ணில் வெறுங்காலோடு நடக்கும் நம் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் புகும். சளியோடு, தாங்க முடியாத நாற்றத்தோடு, விட்டு விட்டு வந்தால் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, பரிசோதனை வேண்டும்.

பெனடோலோ (பாராசிட்டமால்), மனிதர் வயிற்றுப்போக்கு மாத்திரையோ கொடுக்காதீர்கள். பெனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும்.

இனி காத்திருக்கக் கூடாத நிலை: ஊசி முடியாத குட்டி, வாந்தி, சாப்பாடு வேண்டாம் என்கிறது, எழுந்திருக்காமல் கிடக்கிறது, மலத்தில் இரத்தமும் ஒரு மாதிரி அழுகிய வாடையும். இது பார்வோவாக இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். கிளினிக் வாசலிலேயே நின்று போன் செய்து சொல்லுங்கள். மற்ற குட்டிகள் இருக்கும் காத்திருப்பு அறைக்குள் தூக்கிப் போகாதீர்கள். வெள்ளம் வந்த பிறகு, எலித் தொல்லை உள்ள வீட்டில், காய்ச்சலோடு கண் மஞ்சளானால் எலிச்சிறுநீர்க் காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு, கையுறை போட்டுக்கொண்டே தூக்குங்கள். குட்டியின் மூத்திரம் வழியாக அது வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும்.

அவசரமில்லாத கேஸ் என்றால் அன்று காலை போட்ட மலத்தில் சுண்டுவிரல் நுனியளவு ஒரு சுத்தமான மூடிப்போத்தலில் எடுத்து, கிளம்பும்வரை குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மார்ஜரின் டப்பா வேண்டாம், எண்ணெய் ஒட்டியிருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதென்றால் மூன்று பைக்குள் போட்டு, மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தடுப்பூசி அட்டை, கடைசியாகப் புழு மருந்து கொடுத்த தேதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய அந்தத் தாள் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் அதில்தான் இருக்கிறது.